மூன்றாம் படிக் கேடயம்

மலிவாகக் கிடைக்கும் எதையும் சுதீஷ் நம்பமாட்டான். வடசேரிச் சந்தையில் ஒருத்தி மட்டிப்பழத்துக்கு விலை குறைத்துச் சொன்னால், சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கூடுதல் சொல்லுகிறவளிடம் போய் வாங்கிக்கொண்டு வருவான். கல்யாணமான புதிதில் அஞ்சு இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போதெல்லாம் சிரிப்பதில்லை, சந்தைக்கு அவளே போய்விடுகிறாள்.

இப்படிப்பட்டவனுக்கு அண்ணன் முருகதாஸ் மூன்றாம் படியிலேயே கேடயத்தைத் தூக்கிக் கொடுத்தால் சும்மா இருப்பானா?

அண்ணனும் தம்பியும் தேரூரில், தங்கள் வீட்டு மச்சில் உட்கார்ந்து, கைபேசியில் விளையாடும் விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். பெயர் 'ஏழு கோட்டை'. வாள்வீரன், வில்லாளி, மந்திரவாதி என்று மூன்று வேடங்கள். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, சண்டை போட்டுப் போட்டுப் படியேறி, ஏழாவது கோட்டையை முதலில் பிடிக்கிறவன் ஜெயித்தான். ஒவ்வொரு படியிலும் இரண்டு வித்தை கண்ணில் காட்டும், ஒன்றைத்தான் எடுக்கலாம். அடிக்கிற வித்தை வேண்டுமா, அடியைத் தடுக்கிற வித்தை வேண்டுமா என்பது ஆடுகிறவன் பாடு. படம் வரைகிற வேலை சுதீஷுக்கு. எந்த வித்தை எந்தப் படியில் வரும், அதற்கு எவ்வளவு பலம் என்று எண் போடுவது முருகதாஸ்.

தடுக்கிற வித்தையில்தான் வந்தது சந்தேகம். வாள்வீரனுக்குக் கேடயம் மூன்றாம் படியில். வில்லாளிக்கு ஒதுங்கும் வித்தை ஏழாம் படியில். மந்திரவாதிக்கு மாயச்சுவர் பன்னிரண்டாம் படியில். இப்படி மேடும் பள்ளமுமாக ஒரு கணக்கு.

"அதென்னண்ணே, ஒருத்தனுக்கு மூணு, ஒருத்தனுக்கு பன்னெண்டு? எல்லாருக்கும் ஒண்ணுபோல வச்சா என்ன கொறஞ்சு போகும்?" என்று ஆரம்பத்திலேயே கேட்டான் சுதீஷ்.

"ஒண்ணுபோல வச்சா சமமாயிருமா மக்கா? முன்னால ஓடிப்போயி நிக்கவனுக்குத்தான் மொதல்ல அடி விழும். அவனுக்குத் தடுப்பு சீக்கிரம் வேணும். பொறத்தால ஒளிஞ்சு நிக்கவன் பைய எடுத்தாப் போரும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட்க நன்றாக இருப்பதுதான் சுதீஷுக்கு ஆகாது.

எண் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க அவர்களிடம் ஒரு முறை இருந்தது. அது கம்ப்யூட்டர் படித்து வந்ததல்ல, வீட்டு வழக்கம். அந்தக் குடும்பத்தில் சொத்துப் பிரிக்கும்போது மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். வைக்கிறவனுக்கு மிச்சம்தான் என்பதால் ஓரவஞ்சனை செய்ய மனசு வராது. அப்பா காலத்திலும் அப்படித்தான் நடந்தது. அதையே மச்சுக்கும் கொண்டுவந்திருந்தார்கள். எண் போடுகிற முருகதாஸ் கடைசியில் எடுப்பான், சுதீஷ் முதலில் எடுப்பான். இரண்டுபேரும் ஆடிப் பார்ப்பார்கள்.

சுதீஷ் எப்போதும் வாள்வீரனைத்தான் எடுத்தான். அவன் கைக்கு அதுதான் ருசி. வாசல் திறந்ததும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே பாய வேண்டும். மூன்றாம் படி வந்ததும் ஒரு பக்கம் கேடயம் மின்னும், மறுபக்கம் இரட்டை வெட்டு. சுதீஷ் கேடயத்தைப் பார்ப்பான். மூணாவது படியிலேயே தூக்கிக் கொடுக்கிறானே, தகரமாகத்தான் இருக்கும் என்று நினைப்பான். இரட்டை வெட்டை எடுத்துக்கொண்டு போவான். நாலாம் கோட்டையில் மதிலிலிருந்து அம்பு மழை பெய்யும், வாள்வீரன் விழுவான். முருகதாஸ் மந்திரவாதியை வைத்துக்கொண்டு மரத்துக்கு மரம் ஒளிந்து, நொண்டி நொண்டிப் பன்னிரண்டாம் படிக்கு வந்து, சுவரை எழுப்பிக்கொண்டு ஏழாம் கோட்டையில் போய் நிற்பான். திரும்பத் திரும்ப இதே கதைதான்.

"நீ கேடயம் எடுக்கல்லியாடே?" என்று முருகதாஸ் ஒருநாள் கேட்கவும் செய்தான்.

"வேண்டாம்ண்ணே. இதே போரும்."

பார்த்தாயா, எடுக்கச் சொல்லுகிறான் என்று சுதீஷ் மனசுக்குள் குறித்துக்கொண்டான். கேடயத்தின் பலம் என்ன என்று கேட்டிருந்தால் அண்ணன் அந்த நிமிஷமே சொல்லியிருப்பான். கேட்கிறவனாக இருந்தால் இந்தக் கதை எதற்கு?

அப்பா கணபதியப்பன் போய் ஆண்டுத் திவசமும் முடிந்திருந்தது. அம்மை உலகம்மாள் மகன்கள் இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டே ஒருநாள் பேச்சை எடுத்தாள்.

"எனக்குக் கண்ணு தெரியும்போதே பிரிச்சு எடுத்துக்கிடுங்க மக்கா. பொறவு தெருவுல நிண்ணு ஏசப்பிடாது, கேட்டியளா?"

முருகதாஸ் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. மறுநாளே பங்கைச் சொல்லிவிட்டான். மச்சோடு சேர்ந்த வீடு ஒரு பங்கு. கால்வாய்க்கரை வயலும் அதை ஒட்டிய தென்னந்தோப்பும் மற்றப் பங்கு. வீட்டை யார் எடுத்தாலும் அம்மை அங்கேயே இருப்பாள். வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

சுதீஷுக்கு வேண்டியது வீடு. அதில் அவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை. மச்சில் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தால்தான் அவனுக்குப் படம் வரும். அஞ்சு கீழே முன்னறையில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுக்கிறாள். அவன் பிறந்து வளர்ந்த வீடு, அம்மை இருக்கிற வீடு. வயலைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? வரப்பில் நடந்தால் வழுக்கி விழுகிறவன்.

"ரெண்டு யோசனை வேண்டாம், வீட்டை எடுங்க. ஒங்க அண்ணனும் அப்படி நெனச்சுத்தான் வச்சிருக்காங்க," என்றாள் அஞ்சு.

அவள் நல்லதாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் சுதீஷின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு குடைய ஆரம்பித்தது. அண்ணன் நினைத்துத்தான் வைத்திருக்கிறான். எதை நினைத்து? எனக்கு வீடு பிடிக்கும் என்று ஊருக்கே தெரியும். அதைத் தனியாக, லட்டுபோல எடுத்து முன்னால் வைக்கிறான் என்றால் என்ன அர்த்தம்?

பிறகு எதைப் பார்த்தாலும் அப்படியே பட்டது. மூன்று மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்த மச்சுக்கூரையை முருகதாஸ் அந்த வாரம் ஆள்விட்டு மாற்றினான். முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். இத்தனை நாள் இல்லாத அக்கறை இப்போது எங்கிருந்து வந்தது? விற்கப்போகிற மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டுவைக்கிற வேலையல்லவா இது என்று சுதீஷுக்குத் தோன்றியது.

சுசீந்திரம் போகிற வழியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான் ஜேசுதாஸ், சுதீஷோடு படித்தவன். அவன் பங்குக்கு அவனும் ஒரு கொள்ளியைச் செருகினான்.

"ஒங்க அண்ணன் வயக்கரையில என்னடே பண்ணுகான்? நேத்து ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து டேப்பு பிடிச்சு அளந்துக்கிட்டு நிண்ணானே."

"எங்க?"

"தோப்பு மூலையில. கம்பெல்லாம் நாட்டியிருக்கு. ரோடு கீடு வருகா?"

ஜேசுதாஸ் சும்மாதான் கேட்டான், கேட்டுவிட்டு முகமூடியைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். சுதீஷ் பைக்கைக் கிளப்பாமல் அங்கேயே நின்றான். ரோடு! நாலுவழிச்சாலை எங்கெங்கோ வயலைக் கிழித்துக்கொண்டு போகிறது. இந்தப் பக்கம் ஒரு கிளை வந்தால் அந்தத் தோப்பு என்ன ஆகும்? இப்போது சேறு, நாளைக்குத் தங்கம். அதுதான் மந்திரவாதி. பன்னிரண்டு படி காத்திருந்தால் அசைக்க முடியாது. வீடு, வாள்வீரன். கையில் கொடுக்கும்போது பளபளக்கும், நாலாம் கோட்டையில் காலை வாரிவிடும். அடப்பாவி அண்ணா, விளையாட்டில் பழகியதையே வீட்டிலும் வைத்துவிட்டாயே!

அப்படியும் மனசு ஒரு பக்கம் வீடு வீடு என்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அவன் மச்சுப்படி ஏறும்போது முருகதாஸ் உள்ளே ஃபோன் பேசிக்கொண்டிருந்தான். மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் மதினி சபிதாவோடு.

"அவன் வீட்டைத்தான் எடுப்பான். நீ வெப்ராளப்படாத, கவலைய விடு. வயலு நமக்குத்தான், பாத்துக்கோ."

சுதீஷ் வந்த சத்தம் தெரியாமல் இறங்கிப்போனான். சின்ன வயசில் திருவட்டாறு கோயில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோனவனை, அழுதுகொண்டே தேடிக் கண்டுபிடித்துத் தோளில் தூக்கிவந்த அண்ணன். அவனா இப்படி? அவன்தான். சொந்தக் காதால் கேட்டாயிற்றே.

வெள்ளிக்கிழமை காலையில் உலகம்மாள் குளித்து, பட்டுக்கரை வேட்டி உடுத்திய இரண்டு மகன்களையும் விளக்குக்கு முன்னால் உட்காரவைத்தாள். இரண்டு பித்தளைத் தட்டு. ஒன்றில் வெற்றிலை பாக்கோடு வீட்டுச் சாவி. மற்றதில் வெற்றிலை பாக்கோடு வயலிலிருந்து எடுத்துவந்த ஒரு கட்டி மண். அஞ்சு கதவோரம் நின்றாள். அவள் முகத்தில் அப்போதே ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்திருந்தது.

"எடு மக்கா," என்றான் முருகதாஸ். சாவித்தட்டை அவன்தான் தம்பி கைக்குப் பக்கமாக லேசாகத் தள்ளிவைத்தான்.

அந்தத் தள்ளல் போதாதா? சுதீஷ் கையை நீட்டினான். சாவியைத் தாண்டிப் போய் மண்கட்டியை எடுத்தான்.

உலகம்மாளுக்குத்தான் முதலில் வாய் வந்தது.

"ஏலே, ஒனக்கு வீடு வேண்டாமா?"

"வயலு போரும்மா."

அஞ்சு அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரம் ஒன்று வேண்டுமென்றே சத்தமாக விழுந்தது. முருகதாஸ் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது. அவன் தம்பியைப் பார்த்தான், மண்கட்டியைப் பார்த்தான், சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"எடுத்தது எடுத்ததுதான். சரி," என்றான்.

மூஞ்சி வாடிட்டு பாத்தியா, குழி பறித்தவன் விழுந்தான் என்று சுதீஷ் நினைத்தான். நெஞ்சுக்குள் ஒரு குறுகுறுப்பு. இப்படி ஒரு நாளும் அண்ணனை ஜெயித்ததில்லை. ஆனால் கையில் ஒட்டிய சேறு கழுவக் கழுவப் போகவில்லை. அஞ்சு சாப்பாட்டை முன்னால் வைத்துவிட்டு எதிரே நிற்காமல் போனாள்.

மத்தியானம் மச்சுக்குப் போனபோது முருகதாஸ் எப்போதும்போலத் தன் மேசையில் இருந்தான்.

"ஒரு ஆட்டம் பாப்பமா?" என்றான். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"பாப்போம். இண்ணைக்கு எனக்கு மந்திரவாதி."

"அப்பிடியா?" முருகதாஸ் திரும்பிப் பார்த்தான். "சரி, மிச்சம் எனக்கு." அவன் வாள்வீரனை எடுத்தான்.

சூத்திரம் பிடிபட்ட தைரியத்தில் சுதீஷ் ஆடத் தொடங்கினான். ஆனால் மந்திரவாதி அவன் கைக்கு வரவில்லை. ஒளிய வேண்டிய இடத்தில் பாய்ந்தான், பாய்ந்த இடத்தில் அடி வாங்கினான். ஐந்தாம் படி தாண்டுவதற்குள் மூச்சு முட்டியது. அப்போது பக்கத்துத் திரையை ஓரக்கண்ணால் பார்த்தான். முருகதாஸின் வாள்வீரன் மூன்றாம் படியில் நின்றான். ஒரு பக்கம் கேடயம், ஒரு பக்கம் இரட்டை வெட்டு. அண்ணன் யோசிக்காமல் கேடயத்தை எடுத்தான்.

நாலாம் கோட்டை. அம்பு மழை. சுதீஷ் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு அதையே பார்த்தான். அவன் கையாலே வரைந்த கேடயம், அது உயர்ந்து நின்று இதுவரை அவன் பார்த்ததில்லை. அம்புகள் வந்து பட்டுப் பட்டு முறிந்து விழுந்தன. வாள்வீரன் ஒரு கீறல் இல்லாமல் வாசலைத் தாண்டிப் போனான். ஐந்தாம் கோட்டை, ஆறாம் கோட்டை, கேடயம் தாங்கிக்கொண்டே இருந்தது.

"இது இவ்வளவு தாங்குமாண்ணே?"

"நாலாம் கோட்டைக்காகத்தானே அதைச் செஞ்சது. ஆடுகவன்ல பாதிப்பேரு ஒன்னையப்போலத்தான், வாசலு தொறந்த ஒடன ஓடிப்போயி முட்டுவான். ஒன்ன நெனச்சுத்தான் மூணுல வச்சேன்." முருகதாஸ் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "நீ ஒருநாளும் எடுக்கல்ல. பிடிக்கல்ல போலண்ணு விட்டுட்டேன்."

சேறு அப்பிய சுதீஷின் கை தானாக மடிந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டான்.

"தோப்பு மூலையில அளந்தது எதுக்குண்ணே?"

"எங்களுக்கு ஒரு சின்ன வீடு வைக்கத்தான். வயலு எப்பிடியும் எனக்குத்தான் மிஞ்சும்ணு நெனச்சேன்லா. சபிதாவுக்குத் தண்ணிக்கரை பிடிக்கும். அடுத்த வருஷம் அவ வந்துருவா." தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தான். "நீ மழைக்கு நனஞ்சுக்கிட்டுப் படம் வரையப்பிடாதுண்ணுதான் கூரையையும் மாத்தினேன்."

சுதீஷ் வாயைத் திறந்தான். வீட்டை எனக்குத் தா என்று சொன்னால் அண்ணன் தந்துவிடுவான், அம்மை விளக்குமுன் எடுத்ததைப் பற்றி ஆயிரம் பேசினாலும் தந்துவிடுவான். ஆனால் அதற்கு முன்னால் ஏன் மண்ணை எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழும்பவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

சொல்லத் தேவையும் இருக்கவில்லை. முருகதாஸ் நாற்காலியை மெதுவாக அவன் பக்கம் திருப்பினான். தம்பியின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். கேடயத்தையும் மண்கட்டியையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க அவனுக்கு அந்த ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது.

"நான் குழி வச்சிருக்கேன்னு நெனச்சியோடே?"

சுதீஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

"வயலு போகட்டும், வீடு போகட்டும். அதெல்லாம் இண்ணைக்கு ஒனக்கு, நாளைக்கு எனக்கு." முருகதாஸின் குரல் இடறியது. "என்னைய அப்பிடி நெனச்சுட்டியே மக்கா."

கீழே பாட்டு வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து சேரும் சத்தம் கேட்டது. முருகதாஸ் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு திரைப்பக்கம் திரும்பினான். எண்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்தான். வில்லாளிக்கு இருந்த ஏழு என்ற எண்ணை அழித்துப் பன்னிரண்டு போட்டான். வாள்வீரனின் மூன்றையும் அழித்தான்.

"அண்ணே, அது மூணாவே இருக்கட்டும்ண்ணே."

"வேண்டாம்டே. நீதானே ஒண்ணுபோல வைக்கச் சொன்ன. இனி ஒருத்தன் வந்து ஒரு சொல்லு சொல்லப்பிடாது. எல்லாருக்கும் பன்னெண்டு."

தட்டச்சு செய்து முடித்துவிட்டு, கைபேசியை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தான். கோபமாகக் கொடுக்கவில்லை, வேலைக்கு வந்த ஆளிடம் கொடுப்பதுபோல மரியாதையாகக் கொடுத்தான்.

"ஆடிப் பாருங்க," என்றான்.

இதுவரை அவன் வாயிலிருந்து சுதீஷுக்கு அப்படி ஒரு 'ங்க' வந்ததில்லை. சுதீஷ் வாள்வீரனை எடுத்தான். கண்ணைத் துடைத்துத் துடைத்து ஆடினான். முதல் வாசல் திறந்தது, இரண்டாவது திறந்தது. மூன்றாம் படி வந்தபோது கேடயம் இருந்த இடம் காலியாக இருந்தது.